செட்டைக் குழாய்க்குப் பச்சைப் பெயின்ட்

ராத்தாவின் மாப்பிள்ளைக்கு முட்டைக்கோப்பி ஒத்துவராது. இது எனக்கும் எங்கள் கிணற்றடி வாழைக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

கலியாணம் முடிந்த மறுநாள் காலையில் உம்மா பெரிய கோப்பை நிறைய முட்டைக்கோப்பி அடித்து, நுரை வழிய வழிய, புது மருமகனுக்கு அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தது ராத்தாவின் தங்கச்சியான நான். மச்சான் கோப்பையை வாங்கி மணந்து பார்த்தார். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று உம்மா கேட்டார்: "எப்பிடி மருமகன், சீனி காணுமா?"

"ஓம் மாமி. நல்லா இரிக்கி."

ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனால், வாழை மூட்டில் குனிந்து நின்று குடித்ததையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி நிமிர்ந்தார். "மச்சி, மாமிக்கிட்டச் சொல்லிராதீங்க. பாவம், ஆசையா அடிச்சித் தந்த" என்றார். நான் சொல்லவில்லை. உம்மாவும் விடவில்லை, மருமகனுக்கு விருப்பம் என்று தினமும் அடித்தார். போகப் போக மச்சான் கெட்டிக்காரராகிவிட்டார். ஒரு வாய் மட்டும் உம்மாவின் காதுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை வாழைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிடுவார். அந்த வாழை போட்ட குலையைப் போல ஒரு குலையை நான் பிறகு எங்கேயும் கண்டதில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது, கட்டில், அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் அவளுடைய ஆட்கள் செய்து வைத்தவை. வந்த மாப்பிள்ளைக்கு மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் மரியாதை வேறு, வாய் வேறு. கெட்டிக்கார மாப்பிள்ளைமார் ஒரு மாதத்துக்குள் "கறியில உப்பில்ல" என்று குரல் கொடுக்கப் பழகிக்கொள்வார்கள். எங்கள் மச்சான் கடைசிவரை பழகவில்லை. அவருக்கு ஒரு சொல்தான் தெரியும்: ஓம். நான் ராத்தாவிடம் அவரை "உன்ட ஓம் மாப்பிள்ள" என்றுதான் சொல்வேன். ராத்தா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

வாப்பா ஆள் கட்டை. சத்தம் மட்டும் நெட்டை. மருதமுனைத் தறிக்காரர் ஒருவரிடம் தன் உயரத்துக்குச் சாறன் நெய்விப்பது அவருடைய வழக்கம். மருமகன் வந்த பிறகு அதே அளவில் இரண்டாக நெய்வித்தார். மச்சானோ எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்கிற ஆள். அந்தச் சாறனை உடுத்தால் கெண்டைக்காலில் பாதி வெளியே தெரியும். "அளவு சரிதானே மருமகன்?" "ஓம் மாமா." அதோடுதான் ஜும்மாவுக்குப் போவார். பள்ளிவாசலில் பின்வரிசைப் பையன்கள் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ராத்தா இரவல் வாங்குகிற மாதிரி உம்மாவிடம் போய்ச் சொன்னாள். "வாப்பா ஆசையா எடுத்த சாமான்" என்று உம்மா கதையை முடித்துவிட்டார். எங்கள் வீட்டில் ஆசை என்ற சொல்லைப் போட்டால் அதற்கு மேல் வழக்கு இல்லை.

மச்சான் குவைத்தில் இருந்தவர். கலியாணப் பேச்சு நடந்தபோது அவர் குவைத் மாப்பிள்ளை. அங்கே யுத்தம் வந்து, கையில் கிடைத்ததோடு தப்பி வந்தபோது வெறும் மாப்பிள்ளை. வாப்பா கொடுத்த வாக்கை மாற்றவில்லை. அதில் அவர் ஆம்பிளைதான். ஆனால் வெறுங்கையோடு வந்தவருக்கு மூத்த மகளைக் கொடுத்ததை ஊருக்கு எப்படிச் சொல்வது? அதற்கு வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கலியாண வீட்டில் ஸலாம் சொல்ல வந்த ஒவ்வொருவருக்கும், "குவைத் இஞ்சினியர், என்ட மருமகன்" என்று அறிமுகம் செய்தார். மச்சான் அதற்கும் தலையாட்டினார்.

அவர் இஞ்சினியர் இல்லை. நாங்கள் எல்லாரும் அறிவோம். அவருடைய பையை அவிழ்த்தபோது மாற்றிப் போட இரண்டு சேட்டும் ஒரு குர்ஆனும் ஓர் இரும்புச் சீப்பும்தான் இருந்தன. சீப்பைப் பார்த்து உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்: "குவைத்துல பேன் அவ்வளவு பெருசா?" மச்சானும் சிரித்தார். அது தலை சீவுகிற சீப்பில்லை. பெரிய ஆலைகளில் கொதிக்கிற எண்ணெய் ஓடுகிற குழாய்கள் இருக்குமாம். சூடு சீக்கிரம் இறங்கட்டும் என்று குழாயைச் சுற்றி மெல்லிய தகடுகளை வரிசையாகப் பூட்டியிருப்பார்களாம். மீனுக்கு இருக்கிற மாதிரி, செட்டை. பாலைவனத்துத் தூசி அந்தச் செட்டைகளுக்கு நடுவே அடைந்துவிடும். சில தகடுகள் வளைந்தும் போகும். மச்சானுடைய வேலை, அவற்றைத் தண்ணீரால் கழுவி அந்தச் சீப்பால் சீவி நிமிர்த்துவது. இதை அவர் ராத்தாவிடம் சொல்லி, ராத்தா எனக்குச் சொன்னாள். வாப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. இஞ்சினியர் என்று வாப்பா சொல்லி முடித்தாயிற்று. அதை இல்லை என்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

ஊரின் மேற்கு எல்லையில், வட்டை என்கிற வயல்வெளி தொடங்குகிற இடத்தில், வாப்பாவுக்கு நெல் அவித்துக் குத்துகிற மில் இருந்தது. உமி எரித்து ஆவி எடுத்து நெல்லை அவிப்பார்கள். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி வெயிலில் காய வைத்த பிறகுதான் குத்தலாம். மாரி காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஈரத்தோடு கிடந்தால் அவித்த நெல் புளித்துவிடும். மாரி வந்தால் வாப்பா வானத்தோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டு திரிவார்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டில் மச்சான் தன்னை மறந்து ஒரு முழு வசனம் கதைத்துவிட்டார். "குவைத்துல அந்தக் குழாய்க்கு மேலால காத்த அடிப்பாங்க மாமா. காத்து நெருப்பாக் கிடக்கும். அந்தக் காத்துல நெல்லு காய வெக்கலாம்."

வாப்பா கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார். "அப்ப இஞ்சையும் ஒண்டு கட்டுங்க. குழாய்க்குள்ள எண்ணெய்க்குப் பதிலா நம்மட பொயிலர் ஆவிய உடுவம். இஞ்சினியர் ஊட்டுக்குள்ள இருக்கக்குள்ள நான் என்னத்துக்கு மழையோட மாரடிக்க?"

மச்சானின் முகம் வெளுத்தது. ராத்தா எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"ஓம் மாமா" என்றார் மச்சான்.

பயந்துகொண்டுதான் தொடங்கினார். ஆனால் கை வேலை தொடங்கியதும் பயம் போய்விட்டது. மில் முற்றத்தில் இருந்து அலுமினியத் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டுவார். நடுவில் துளை அடிப்பார். ஒவ்வொன்றாக இரும்புக் குழாயில் ஏற்றித் தட்டி இறுக்குவார். பகல் முழுவதும் டொக், டொக். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். வாப்பா கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து, செட்டைக் குழாய் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார். ஒரு நாள் நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது வாப்பா இல்லை. ஏன் இந்தச் செட்டை என்று மச்சானிடமே கேட்டேன். அவர் என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார்.

"தேத்தண்ணி கோப்பைக்குள்ள கிடந்தா ஆறாது மச்சி. பீரிசுத் தட்டில ஊத்தினா உடன ஆறிரும். பரந்து கிடக்கிறதால. குழாய்க்கு நாம பீரிசு பூட்டி உடுறம், அவ்வளவுதான்."

"அப்ப நெருக்கி நெருக்கிப் பூட்டினா இன்னம் நல்லந்தானே?"

"இல்ல மச்சி. நடுவால காத்துப் போகணும். அந்த இடைவெளி அடைபட்டா, செட்டை இரிந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்."

அவர் என்னோடு இவ்வளவு நேரம் கதைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எல்லாம் பூட்டி முடிந்த பின்னேரம் ஆவியைத் திறந்துவிட்டுக் காற்றாடியைப் போட்டார். உம்மாவும் ராத்தாவும் நானும் பார்க்கப் போயிருந்தோம். மச்சான் தோளில் கிடந்த ஈரத் துவாயைக் கழற்றிக் காற்று வருகிற வாசலில் பிடித்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே துவாய் காய்ந்து மொறுமொறு என்றாகிவிட்டது. "இஞ்ச வாங்களன், கை வெச்சிப் பாருங்களன்" என்று ராத்தாவைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் முன்னால் அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராத்தா அப்போது தன் மூத்த மகளைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், அந்தச் சூட்டில் கையை நீட்டி, அப்படிச் சிரித்தாள்.

வாப்பா ஊருக்குச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பாத்திஹா, மிசினில் காய்ந்த முதல் நெல்லைக் குத்தி, அந்த அரிசியிலேயே சோறு. பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள், ஹாஜியார்மார், வட்டையில் நிலம் வைத்திருக்கிற போடிமார் எல்லாருக்கும் அழைப்பு.

அந்தக் கிழமைத் தொடக்கத்தில் வாப்பா கல்முனையிலிருந்து ஒரு பெரிய தகரப் பச்சைப் பெயின்ட்டோடும் இரண்டு தூரிகைகளோடும் மில்லுக்கு வந்தார். வாப்பாவைக் குறை சொல்லியும் பயனில்லை. நாங்கள் கடல் காற்றில் வாழ்கிற ஆட்கள். வாசல் கேற், ஜன்னல் கம்பி, தோணி இஞ்சின் என்று எது வாங்கினாலும் முதல் வேலை பெயின்ட் அடிப்பதுதான். எங்கள் ஊரில் இரும்பைப் பெயின்ட் இல்லாமல் விடுவது, பிள்ளையைப் பெற்று உடுப்புப் போடாமல் விடுகிற மாதிரி. அதுவும் பாத்திஹா ஓதப்போகிற சாமானுக்கு, பள்ளி மினாராவின் பச்சையையே தேடி வாங்கி வந்திருந்தார்.

மச்சான் செட்டைகளுக்கு முன்னால் நின்றார். வாய் ஒரு தரம் திறந்தது. நான் சாப்பாட்டுப் பார்சலோடு வாசலில் நின்றேன், நான் கண்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"வடிவா இரிக்கும், என்ன மருமகன்?"

"ஓம் மாமா."

"அப்ப பிஸ்மி சொல்லி நீங்களே தொடங்குங்க" என்று வாப்பா தூரிகையை அவர் கையிலேயே கொடுத்தார்.

அவர் தொடங்கினார். ஒரு கோட் அடித்துக் காயுமுன்பே, பச்சை போதாது என்று வாப்பா இன்னொரு கோட் அடிப்பித்தார். கெட்டிப் பெயின்ட் செட்டைகளுக்கு நடுவே இறங்கி, எண்ணெய் வைத்த தலைமுடி ஒட்டிக்கொள்கிற மாதிரி, தகட்டோடு தகட்டை ஒட்டிவிட்டது. வெளியிலிருந்து பார்க்க நல்ல வடிவுதான். ஏன் சொல்லவில்லை என்று அன்று ராத்தா கேட்டாளாம். "மாமா எவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தார்" என்றாராம். எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்கும் பாடமாகியிருந்தது.

முதல் நெல் காய வேண்டிய நேரத்தில் காயவில்லை. காற்று வருவதே தெரியவில்லை; வந்த கொஞ்சத்திலும் பெயின்ட் வெந்து புகைந்த மணம். மச்சான் மூட்டை மூட்டையாகக் கிளறிக்கொண்டு நின்றார். "புது மிசின் எண்டா அப்பிடித்தான் மணக்கும்" என்றார் வாப்பா. ஒருவழியாக ஈரம் போய், குத்திய அரிசி வீட்டுக்கு வந்தபோது உம்மா ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து, என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன்: "உம்மா, இது பெயின்ட். செட்டைக்கு நடுவால அடைச்சிட்டு."

"சத்தம் போடாம இரி. அது வாப்பா வாங்கின பெயின்ட்" என்றார் உம்மா. "நெய்யும் ஏலமும் கூடப் போட்டா எல்லாம் போயிரும்."

போகவில்லை.

எங்கள் ஊர் விருந்தில் சகன் வைப்போம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகத் தின்பார்கள். தனித்தட்டு என்றால் பிடிக்காததை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்து மரியாதையாக எழும்பலாம். சகனில் ஏலாது. ஒரு கை நின்றால் மற்ற ஐந்து கைக்கும் தெரியும். துஆ முடிந்து சகன் மூடியைத் திறந்தார்கள். நாங்கள் பெண்கள் கிடுகு மறைப்புக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பிடி எல்லார் வாய்க்கும் போனது. பிறகு ஒரு ஹாஜியார் மெல்லுவதை நிறுத்தினார். விரலை மணந்தார். சகன் சகனாகக் கைகள் நின்றன.

"என்ன முதலாளி, சோத்துல மண்ணெண்ண கொட்டுப்பட்டதா?"

வாப்பா முதலில் எங்கள் பக்கம்தான் திரும்பினார். "என்னத்தப் போட்டு ஆக்கின நீங்க?" என்று மறைப்பைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவு ஆண்களுக்கு முன்னால். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குந்திவிட்டார். யாரோ, "இல்ல, இது பெயின்ட் மணமெல்லே" என்றார்கள். எல்லாக் கண்களும் வாப்பாவிடம் போயின. வாப்பாவின் கண்கள் மச்சானிடம் போயின.

"இஞ்சினியரக் கேளுங்க" என்றார் வாப்பா. "அவர்தானே கட்டின."

மச்சான் ஓரச் சகனில் இருந்தார். அவருடைய சகனில் மற்ற ஐந்து பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அவர் மட்டும் அடுத்த பிடியை உருட்டி வாயில் வைத்தார். "என்ட பிழைதான் ஹாஜியார்" என்றார், வாயில் சோற்றோடு. விழுங்கினார். அடுத்த பிடி. ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிக் கை கழுவி, வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பழம் எங்கள் கிணற்றடி வாழைக் குலை. பந்தல் காலியாகும்வரை அவர் தலையைக் குனிந்து தின்றுகொண்டே இருந்தார். அந்தச் சோறு மாமி ஆக்கிய சோறு. அதை வைத்துவிட்டு எழும்ப அவருக்குத் தெரியாது. மறைப்புக்குப் பின்னால் ராத்தா, "போதும், எழும்புங்க, எழும்புங்க" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். வெட்கத்தில் என் காது சுட்டது. ஊர் சிரிக்கப்போகிறதே என்ற வெட்கம் அது. பிழையான வெட்கம். சரியான வெட்கம் வர எனக்கு இன்னும் வருடங்கள் கிடந்தன.

மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போட்டோம். கோழிகள் ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் உம்மா முட்டைக்கோப்பி அடிக்கவில்லை. வெறும் தேத்தண்ணீர் போனது. அது அவருக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். அவர் அந்தத் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த இருப்பை நான் கண்டேன். அதில் அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. வாப்பா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். கிழமை முடிய உம்மா ராத்தாவைக் கூப்பிட்டு, மருமகனுக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்: "வாப்பாட மனம் ஆறும் மட்டும் அவர் நிந்தவூருல அவங்கட உம்மாக்கிட்டப் போய் இரிக்கட்டுமே."

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பையோடு தாய் வீட்டுக்குப் போனால் அதற்குப் பெயர் விருந்து இல்லை. "கலைச்சிட்டாங்க" என்பார்கள். இரண்டு மாதம் திரும்பி வராவிட்டால் பள்ளியில் கூடிக் கதைப்பார்கள்; பிறகு பெண் தனியாகத்தான் பிள்ளை பெற வேண்டும். ராத்தா மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு தடவை மட்டும், இந்த ஒன்றுக்கு மட்டும், ஏலாது என்று சொல்ல மாட்டாரா என்று அவள் காத்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"ஓம் மாமி" என்றார்.

இரண்டு சேட், குர்ஆன், இரும்புச் சீப்பு. வந்த பையோடு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மச்சான் போன கையோடு மழை பிடித்தது. பெருமழை. அவித்த நெல் களத்து ஓரம் குவிந்து, ஆவி பறக்கப் பறக்கப் புளிக்கத் தொடங்கியது. வாப்பா தானே டிரையரைப் போட்டுப் பார்த்தார். பெயின்ட் புகை கண்ணை எரித்தது. ஒரு கொட்டன் தடியால் செட்டைகளுக்கு இரண்டு அடி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். பெயின்ட்தான் என்று எனக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியும். வாப்பாவுக்கும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு வீடு முழுக்கத் தெரிந்துகொண்டு, ஒரு மனிதரை வெளியே வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்தாதான் எழும்பினாள். குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, நிந்தவூருக்குப் போனாள். அந்த வயிற்றோடு அவளுக்கு பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தார்கள். மச்சான் தன் உம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்தார். ராத்தா உள்ளே போகவில்லை. மழையிலேயே நின்று சொன்னாள்:

"கூட்டிட்டுப் போகத்தான் வந்த. நீங்க ஓம் எண்டு சொல்லுங்க. அதுதானே உங்களுக்குத் தெரியும்."

அவர் ஓம் என்றார். அழுதுகொண்டே சொன்னார். நான் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. உம்மா மறுநாள் முட்டைக்கோப்பி அடித்தார். அதுதான் எங்கள் வீட்டு மன்னிப்பு. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அன்று வாழைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு மில்லுக்குப் போய்க் குழாய்களைக் கழற்றி, பெயின்ட் உரிக்கிற மருந்தில் ஊறப் போட்டு, ஒவ்வொரு செட்டையாக அந்தச் சீப்பால் சீவிப் பெயின்ட்டை எடுத்தார். கை முழுக்க மருந்து தின்று தோல் உரிந்தது. திரும்பப் பூட்டியபோது சுற்றிவரத் தகரம் அடித்து என்னென்னவோ மாற்றினார். நெல் காய்ந்தது. பாதி புளித்தது போக, பாதியைக் காப்பாற்றினார். அதன் பிறகு எந்த மாரியிலும் எங்கள் மில் நிற்கவில்லை. ஊர் அந்தச் சோற்றை மெல்ல மறந்தது.

வாப்பா மட்டும் மறக்கவில்லை. அடுத்த நோன்புப் பெருநாளுக்கு முன் அதே கடையில் அதே பச்சையில் ஒரு தகரம் வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போனார்.

"பெருநாளைக்கு ஒரு கோட் அடிச்சா என்ன மருமகன்?"

"ஓம் மாமா" என்று மச்சான் தூரிகையை வாங்கி, முன்னால் தெரிந்த செட்டைக் குழாய் வரிசையில் பிஸ்மி சொல்லி அடிக்கத் தொடங்கினார்.

ஒன்றும் ஆகவில்லை. நெல் முன்னைப் போலவே காய்ந்தது, மணமும் இல்லை. வாப்பாவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தீங்களா? பெயின்ட்டால ஒண்டுமில்ல. அண்டைக்கி வேற என்னவோ பிழை" என்று பள்ளிவாசல் முன்றில்வரை போய்ச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு கோட். பச்சைக்கு மேல் பச்சை. வருகிறவர்களுக்கெல்லாம் வாப்பா அதைத் தட்டிக் காட்டுவார். மச்சான் பக்கத்தில் கட்டைச் சாறனோடு நின்று தலையாட்டுவார். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை இது நடந்தது.

மச்சான் மௌத்தாகி ஒரு வருடத்துக்குப் பிறகு மில்லைக் கழற்றி விற்றோம். பழைய இரும்பு வாங்குகிறவர் பச்சைக் குழாய்களை வெட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த முன்வரிசைக்குள்ள ஒரு நாளும் ஆவி போனதில்ல தங்கச்சி. ரெண்டு பக்கமும் ஒட்டி அடைச்சிரிக்கி. சும்மா கிடந்த சாமான்."

முன்வரிசைக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டி. அதையும் எடுத்தபோது உள்ளே உண்மையான குழாய்கள் இருந்தன. காற்று பக்கவாட்டில் ஒரு வழியால் வந்து அவற்றுக்கு மேலால் போகும்படி செய்திருந்தார். ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. செட்டைகள் இன்னும் வரிசை குலையாமல் வெள்ளை வெளேரென்று நின்றன. அன்று சீவித் திரும்பப் பூட்டியபோதே, வாப்பா மறுபடியும் பெயின்ட்டோடு வருவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்தால் வேணாம் என்று தன்னால் சொல்ல ஏலாது என்பதும் தெரிந்திருக்கிறது. அதனால் வாப்பா பெயின்ட் அடிப்பதற்கென்றே ஒரு வரிசை செட்டைக் குழாய், வட்டம் வட்டமாக வெட்டி, துளை அடித்து, தட்டி இறுக்கிச் செய்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்.

ராத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் அதிரவில்லை. "எனக்குத் தெரியும். ஊட்டுல சொல்ல வேணாம் எண்டார்" என்றாள். வேணாம் என்ற சொல்லை அவர் சொன்ன ஒரே ஆள் அவள்தான் போலும்.

எங்களுக்கு முன்னால் ஒரு சொல் சொல்வதைவிட, ஒரு வரிசைக் குழாயை வளைத்து ஒட்டி நிறுத்துவது அந்த மனிதருக்கு லேசாக இருந்திருக்கிறது. அப்படி என்ன ஆட்களாக இருந்தோம் நாங்கள்? அடித்தோமா, பட்டினி போட்டோமா? இல்லை. ஆசையாகத்தான் எல்லாம் செய்தோம். கொட்டிக் கொட்டிக் கொடுத்தோம். அவருக்கு என்ன வேணும் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்ட கேள்வியெல்லாம் ஓம் என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. அன்று வந்தது எனக்குச் சரியான வெட்கம். இன்றுவரை போகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. காது நல்லாக் கேட்கும். மில் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். பிறகு மருமகனின் நினைப்பு வந்திருக்க வேண்டும்.

"பாவம் அந்த மனிசன். ஒண்டும் கேக்கத் தெரியாது" என்றார். "என்ட கையால அடிச்ச முட்டைக்கோப்பி மட்டும்தான் அவருக்கு விருப்பம். என்ன புள்ள?"

"ஓம் உம்மா" என்றேன்.